என்ன தொழில் பண்ணீங்க?

“என்ன தொழில் பண்ணீங்கம்மா?”

சாதாரணக் கேள்விதான். கேட்டது இருபத்தைந்து வயதுப் பெண், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவருக்கு எதிரே அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. ஆறு மாதத்துக்கு முன் வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இடம் கெடார் காலனியில் ஒரு தொகுப்பு வீட்டின் வாசல். பதில் சொல்வதற்கு முன் அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “கூலி வேலதாம்மா” என்றார்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், காணை தாண்டி வருகிற ஊர் கெடார். எங்கள் வீடு ஊர்த்தெருவில். எங்கள் மாட்டுக் கொட்டகையை ஏறத்தாழ முப்பது வருஷம் கூட்டி அள்ளியவர் அந்த அம்மா. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்குவது, ஆய்வது எல்லாம் அதற்கு மேல். என் அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் எங்கள் வீட்டில் பிள்ளைகள்வரை அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவர் அப்பாவை ‘ஆண்டே’ என்பார். இப்போது என்னைத் ‘தம்பி’ என்கிறார். இது என் முற்போக்கினால் வந்த மாற்றம் இல்லை. 2006இல் நூறு நாள் வேலை முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. எங்கள் கொல்லைக்கு வராமலும் அடுப்பு எரியும் என்று ஆன பிறகுதான் அந்த ‘ஆண்டே’ மெல்ல உதிர்ந்தது.

ஆக, அவர் என்னைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அவர் என்ன தொழில் செய்தார் என்பது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிசியோதெரபியை நம் ஊரில் இயன்முறை மருத்துவம் என்கிறோம். வாதம் வந்த வீட்டில் அந்தப் பேர் பழகியிருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபிக்கு அப்படி ஒரு பேர் நிலைக்கவில்லை. தொழில்முறை சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கை காலில் பலம் ஏற்றுவதோடு நிற்காமல், அந்தக் கை காலை வைத்துக்கொண்டு ஒருவர் குளிக்க, உடுத்த, சாப்பிட, வேலைக்குப் போக, நாலு பேரோடு கலந்து பழகப் பயிற்றுவிப்பது இந்தத் துறை. மனநோய், ஆட்டிசம், தொழுநோய், தீக்காயம், முதுமை எல்லாவற்றிலும் இதற்கு வேலை இருக்கிறது. ‘ஆக்குபேஷன்’ என்று அவர்கள் சொல்வது சம்பாதிக்கிற வேலையை மட்டும் அல்ல. ஒருவர் பொழுதை நிரப்புகிற, தன்னை யாரென்று உணர்த்துகிற எல்லாச் செயலும் அதில் அடக்கம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி விரிய இடம் இருக்கிறது. தமிழில் ‘தொழில்’ என்றதும் அதற்கு முன்னால் ‘குல’ என்ற இரண்டெழுத்து சொல்லாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 2020க்குப் பிறகு இந்தத் துறை தன்னைத் தானே கேட்டுக்கொள்ள ஆரம்பித்த கேள்வி இனவெறி பற்றியது. அந்த ஆண்டு மே 25ஆம் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் முழங்காலுக்கடியில் செத்த பிறகு, தொழில்முறைச் சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிக்கை விட்டன. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் வெள்ளையர்கள். கறுப்பினத் தெரபிஸ்டுகள் தங்களுக்கென்று ஓர் அமைப்பை 1974லேயே தொடங்க வேண்டியிருந்தது. தனிப்பட்ட யாரோ கெட்டவர்கள் என்பது அவர்கள் சொன்ன குற்றச்சாட்டு இல்லை. யாரைப் படிக்க எடுப்பது, எதை ‘இயல்பான வாழ்க்கை’ என்று படிவத்தில் அச்சடிப்பது, யாருடைய பேச்சை ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று குறிப்பெழுதுவது ஆகிய அன்றாடத்தில் இனம் ஊறிக் கிடக்கிறது என்பதுதான்.

இந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? சாதி என்பது இனம் இல்லை. இதை அம்பேத்கரே வாதிட்டு நிறுவியிருக்கிறார். 2001இல் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின. இந்திய அரசு ஒப்பவில்லை. இனம்தானா இல்லையா என்ற அந்த வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் துறை இந்தியாவுக்குள் நுழைந்ததே இனத்தின் வாசல் வழியாகத்தான். அதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

1918 மே மாதம் ராஞ்சி அருகே காங்கேயில் ஒரு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் மட்டும். அடுத்த ஆண்டு அதன் கண்காணிப்பாளராக வந்தவர் ஓவன் பெர்க்லி ஹில் என்ற ராணுவ மருத்துவர். 1922இல் அவர் அங்கே ஆக்குபேஷனல் தெரபிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அந்தப் பெயரில் தொடங்கிய முதல் பிரிவு அதுதான் என்று இன்றைக்கு மத்திய மனநல மருத்துவ நிறுவனமாக இருக்கும் அந்த மருத்துவமனை சொல்லிக்கொள்கிறது. பெர்க்லி ஹில் விசித்திரமான மனிதர். மலபார்ப் பெண்ணை மணந்தவர். ஃபிராய்டைக் கரைத்துக் குடித்தவர். இந்துக்களின் குணமே குழந்தைப் பருவத்து மலக்கழிப்புப் பழக்கத்தில் சிக்கிக்கொண்ட குணம் என்று 1921இல் ஒரு கட்டுரை எழுதி, இந்தியர்கள் ஏன் தம்மைத் தாமே ஆள முடியாது என்பதற்கு உளவியல் முத்திரை குத்தியவர்.

இந்தியர்களுக்கான மருத்துவமனை பக்கத்திலேயே 1925இல் வந்தது. ஜல் துஞ்சிபாய் என்ற பார்சி மருத்துவர் அதை நடத்தினார். அங்கேயும் நோயாளிகளுக்கு வேலை கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய நூறு ஆண்டு வரலாற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலனியக் கால மனநலக் காப்பகங்களில் இந்திய நோயாளிகள் தோட்டத்தில் மண் வெட்டினார்கள், நெய்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள். காப்பகச் செலவைக் குறைக்கும் வரவாக அது கணக்கில் ஏறியது. வெள்ளை நோயாளியிடம், அதிலும் கனவான் வகுப்பு நோயாளியிடம், அந்த வேலையை வாங்குவது முறையாகாது என்று நினைத்தார்கள். ஒரே செயல், தோலின் நிறத்தைப் பொறுத்து ஒருவருக்கு உழைப்பு, இன்னொருவருக்குச் சிகிச்சை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது வேறு கதை. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கே தங்கிவிட்ட கமலா நிம்ப்கர், பிலடெல்பியாவில் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்து 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு உருவானபோது தொடக்க உறுப்பு நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்று. இன்னொன்று, நான்கு வருஷத்துக்கு முன்னால்தான் நிறவெறியை அரசுக் கொள்கையாக்கியிருந்த தென்னாப்பிரிக்கா. அந்தப் பட்டியலில் இந்த இரண்டு நாடுகளும் சேர்ந்து இருந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பின்னாளில் தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டிப் பேசியது தென்னாப்பிரிக்காதான். சிலருக்குச் சில செயல்கள் திட்டமிட்டு மறுக்கப்படுவதற்கு 2005இல் இந்தத் துறை ஆய்வாளர்கள் வைத்த பேரே ‘ஆக்குபேஷனல் அபார்தைட்’. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் எலெல்வானி ரமுகொண்டோ போன்றவர்கள், ஆதிக்கம் நம் அன்றாடச் செயல்கள் வழியாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்று எழுதினார்கள். 2018இல் உலகக் கூட்டமைப்பின் மாநாடு முதல் முறையாக ஆப்பிரிக்காவில், கேப் டவுனில் கூடியபோது இந்தப் பேச்சு மேடையேறியது. அந்தப் பத்தில் இன்னொன்றான நாம் அந்தச் சொல்லைக் கடன் வாங்கிக்கூட நம் சேரிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

இந்தத் துறையின் வேர் பிரிட்டனின் கைவினை இயக்கத்தில் இருக்கிறது. ஆலைகள் மனிதனைச் சக்கரமாக்கிவிட்டன, கையால் ஒன்றைச் செய்து முடிக்கிற நிறைவு மனத்தை ஆற்றும் என்று அந்த இயக்கத்தின் முன்னோடிகளான ரஸ்கினும் மோரிஸும் பேசிய காலம். 1917இல் அமெரிக்காவில் இதன் முதல் சங்கம் கூடியது. முதல் உலகப் போரிலிருந்து நொறுங்கித் திரும்பிய சிப்பாய்களுக்குக் கூடை முடையவும் தறி நெய்யவும் தோல் தைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். வங்கி எழுத்தராக இருந்தவனுக்குக் கூடை முடைவது புதிது. அதில் அவமானம் ஏதும் இல்லை.

இப்போது அதே கூடையை விழுப்புரம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூங்கில் கூடை யார் முடைவது, தோல் யார் தொடுவது, மண் யார் பிசைவது என்று இங்கே பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. மனநோயாளிகளின் அறிவுத்திறன் நிலையைக் கணிக்க உலகமெங்கும் புழங்கும் ஒரு சோதனை உண்டு. கிளாடியா ஆலன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. ஓரத்தில் துளையிட்ட ஒரு தோல் துண்டு, ஊசி, நூல், தோல் வார். தெரபிஸ்ட் ஒரு தையலைப் போட்டுக் காட்டுவார்; நோயாளி அதைப் பார்த்துத் தொடர வேண்டும். எந்தத் தையல்வரை வருகிறார் என்பதைப் பொறுத்து மதிப்பெண். தோலைக் கையில் வாங்கத் தயங்குகிற ஒருவர், தயங்குவது சாதியால் என்று சொல்லமாட்டார். வாங்கியதும் சரசரவென்று தைத்துவிடுகிற ஒருவர், தன் தாத்தா என்ன செய்தார் என்று இந்தம்மாவுக்குத் தெரிந்துபோயிற்றே என்று கூசுவார். மதிப்பெண் தாளில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் எண்கள்தான் மிஞ்சும்.

கே.இ.எம். பள்ளி தொடங்கி மூன்று வருஷம் கழித்து, 1953இல், சென்னை மாநிலத்தில் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் அதற்கு வைத்த பேர்தான் நிலைத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் குழியில் போனது. கைத்தொழில் குழந்தையின் ஆளுமையை வளர்க்கும் என்பது ராஜாஜி தரப்பின் வாதம். சிகிச்சை வகுப்பில் சொல்லித்தருகிற வாதத்துக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. கையால் செய்யும் வேலை நல்லது என்பதில் இந்த மண்ணுக்குச் சண்டை இல்லை; யார் கை என்பதில்தான் சண்டை. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். வேலையைத் தன் பேரிலேயே சுமக்கிற ஒரு துறையின் மாணவருக்கு இதைவிட முக்கியமான பாடநூல் இருக்க முடியாது. ஆனால் சாதி அவர்களுக்குச் சமூகவியல் தாளில் ஓர் அத்தியாயம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மூடிவைக்கிற அத்தியாயம்.

தமிழ்நாட்டில் ஒருமுறை இந்தப் பாடம் நேருக்கு நேர் வந்து நின்றது. வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து, தசைநாண்களை இடம் மாற்றிக் கட்டி நிமிர்த்த ஆரம்பித்தார். உலகமே திரும்பிப் பார்த்த வேலை. ஆனால் கை சரியானவர்களில் சிலர் திரும்பிவந்து குறைசொன்னார்கள். மடங்கிய கையைக் காட்டினால் பிச்சை விழுந்தது. நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் இல்லை, தொழுநோய்க்காரன் என்பதால் வேலையும் இல்லை. கையைத் திருத்தினால் போதாது என்று உணர்ந்த பிராண்ட், மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே மண் குடிசைகள் போட்டு, தச்சும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுக்கும் நியூ லைஃப் சென்டரை உண்டாக்கினார். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவரிடம் அறுவை மருத்துவம் கற்ற மேரி வர்கீஸ், 1966இல் அதே வேலூரில் மறுவாழ்வு நிறுவனத்தைத் தொடங்கினார். உடம்பில் இருக்கும் முடக்கமும் ஊரில் இருக்கும் முடக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது கெடாரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் எழுபது வருஷத்துக்கு முன்பே நிரூபணமான செய்தி. தொழுநோய் விஷயத்தில் அதைக் கற்றுக்கொண்ட துறை, பிறப்பாலேயே ஒதுக்கப்பட்டவர்கள் விஷயத்தில் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? தொழுநோய் யாருக்கும் வரலாம் என்ற பயம் காரணமாக இருக்கலாம். சேரியில் பிறந்துவிடுவோமோ என்று யாரும் பயப்படுவதில்லை.

கெடாருக்கு வந்த அந்தப் பெண்ணின் கைபேசியில் ஒரு படிவம் இருந்தது. பார்தெல் அட்டவணை. 1965இல் மேரிலாந்தில் உருவானது. வாதம் வந்தவர் தன் வேலைகளைத் தானே எவ்வளவு செய்துகொள்கிறார் என்று நூற்றுக்குக் கணக்கிடுவது. சாப்பாடு என்ற தலைப்பின் கீழே, ரொட்டியில் வெண்ணெய் தடவ உதவி தேவையா என்று இருந்தது. படித்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்த அம்மாவுக்கும் சொன்னோம். “வெண்ணெயா? மோரே உங்க ஊட்டுலதான் வாங்கியாருவேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த மோரை எங்கள் வீட்டில் எப்படி ஊற்றுவார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பாத்திரம் பாத்திரத்தைத் தொடாமல்.

நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது என்று அடுத்த கேள்வி. அவர் படுப்பது பாயில். கழிப்பறை என்று ஒன்று. குந்தி எழுவதா, உட்கார்ந்து எழுவதா என்று படிவத்துக்குக் கவலை இல்லை. இவையெல்லாம் எந்த நாட்டுத் தெரபிஸ்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய சின்ன விஷயங்கள். நம்மவர்கள் மாற்றிக்கொள்ளவும் செய்கிறார்கள். மைக்கேல் இவாமா என்ற ஜப்பானிய கனடியர், மேற்கத்தியக் கட்டங்களும் அம்புக்குறிகளும் ஜப்பானிய நோயாளிகளுக்கு ஒட்டவில்லை என்று கண்டு, வாழ்க்கையை ஆறாக வரைந்து காட்டும் ஒரு முறையை 2006இல் புத்தகமாக்கினார். ‘கவா’ என்றால் ஜப்பானிய மொழியில் ஆறு. நம் ஊர்க் கருத்தரங்குகளிலும் அதை ஆர்வமாக எடுத்துச் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு நான் ஏரியை வரைவேன். மதகு யார் திறப்பது, கடைமடை யாருடையது என்றும் சேர்த்து.

சிக்கல் படிவத்தில் இல்லாததால் மட்டும் வருவதில்லை, இருப்பதைக் கேட்காததாலும் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாட்டைத் தெரபிஸ்டுகள் எல்லோரும் படிக்கிறார்கள். வழிபாட்டில் கலந்துகொள்வதற்கு அதில் டி 930 என்று ஓர் எண். சுற்றியிருக்கிற சமூகத்தின் மனப்பான்மைக்கு இ 460. ஒருவரின் செயல்பாட்டுக்கு அந்த மனப்பான்மை எவ்வளவு தடையாக இருக்கிறது என்று மதிப்பெண் போடவே அதில் வழி உண்டு. சக்கர நாற்காலி ஏற முடியாத கோயில் படியைத் தெரபிஸ்ட் தடை என்று குறிக்கிறார். விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தலித் இளைஞர் அடிபட்டார்; 2023 ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்கே சீல் வைத்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2025 ஏப்ரலில்தான் பட்டியல் சாதியினர் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். படியில்லாமலே ஏற முடியாமல் இருந்த அந்தக் கோயிலை எந்த எண்ணில் குறிப்பது? இ 460 அதற்குத்தான் காத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், மாநிலத்தில் 20. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரிலேயே 12 தலித்துகள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கிற தெரபிஸ்டுக்குச் சாதி வேறு துறையின் விஷயம் என்று சொல்ல முடியாது.

துறைக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அடுத்தது. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு பெரும்பாலும் தனியார், அறக்கட்டளைக் கல்லூரிகளில் நடக்கிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் கட்டணமும் விடுதியும் கட்டி முடிப்பது அந்த எண்ணில் அடங்காத வேறு கணக்கு. முடித்த பிறகு அரசு வேலை அரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடி வருகிறார், நோய்த்தணிப்புச் செவிலியர் வருகிறார். அந்த வண்டியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு இருக்கை இல்லை. அதனால் படித்தவர்கள் நகரங்களில் ஆட்டிசம் குழந்தைகளுக்கான மையங்களில் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வேலைக்குப் போகிறார்கள், அல்லது விமானம் ஏறுகிறார்கள். 2021இல் நாடாளுமன்றம் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது. பதிவும் தகுதியும் இனி ஒழுங்காகும் என்கிறார்கள். ஆகட்டும்.

வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதற்கு அண்டைத் துறையின் சாட்சி இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. விடுதியில் அவர்கள் தனித் தளங்களுக்கு ஒதுங்கவேண்டி வந்தது, ஆசிரியர்கள் பாராமுகமாக இருந்தது, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் கை சுருங்கியது எல்லாம் அதில் பதிவாயின. எழுத்துத் தேர்வுத் தாளில் எண் மட்டும்தான் இருக்கும். வாய்மொழித் தேர்வில் முகம் இருக்கிறது, ஊர்ப் பேர் இருக்கிறது, ‘அப்பா என்ன பண்றார்’ இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி போன்ற படிப்பில் பாதி உயிர் செய்முறையில்தான். 2019 மே மாதம் மும்பை நாயர் மருத்துவமனையில் பாயல் தட்வி என்ற பழங்குடிப் பெண் மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். மூத்த மருத்துவர்கள் மூவர் மீது சாதிக் கொடுமை வழக்கு. அதே வளாகத்தில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளியும் நடக்கிறது. அதைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. ஒரே உணவகத்தில் தேநீர் குடிக்கிற இரண்டு படிப்புகளில் ஒன்றுக்கு மட்டும் சாதி உண்டு என்று நம்புவது கஷ்டம் என்கிறேன்.

மறுவாழ்வுப் பிரிவு ஒன்றில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தால் இன்னொன்று தெரியும். மருத்துவர் தொடுவதற்கு முன் கையுறை போடுகிறார். தெரபிஸ்ட் விரலைப் பிடித்து மடக்கி நீட்டுகிறார். கழிப்பறைப் பயிற்சி என்று வந்தால் எப்படி எழ வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொடுக்கிறார். நோயாளி தவறிப் போய்விட்டால் துடைக்க வருகிறவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். உடம்பிலிருந்து வெளியேறுவதை எந்தப் பெயரிட்ட பதவி எவ்வளவு நெருங்குகிறது என்று கோடு போட்டால், அந்தக் கோடு எங்கள் ஊரின் தெரு வரைபடத்தின் மேல் கச்சிதமாகப் படியும்.

வெளிநாடு போன நம்மவர்கள் கதை இதற்கு மறுபக்கம். அமெரிக்காவில் தேர்வெழுதி உரிமம் வாங்கி, உச்சரிப்புக்காக நோயாளியின் குடும்பத்திடம் முகச்சுளிப்பு வாங்கி, பதவி உயர்வில் பின்னுக்குத் தள்ளப்பட்ட தமிழ்த் தெரபிஸ்டுகளை எனக்குத் தெரியும். அந்த வலி பொய் இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தபோது, அவர்களில் ஒருவர் எனக்குக் கோபமாகப் போன் செய்தார். “இங்க நம்மளே மைனாரிட்டி, இதுல இத வேற கிளப்புறானுங்க.” ‘நம்ம’ என்ற சொல் எவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் அளந்து பார்த்தேன். அவருக்கு என்னையும் சேர்த்துத்தான் ‘நம்ம’.

மறுவாழ்வு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013இல் வந்த சட்டத்தின் முழுப் பெயரில் கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடையும் இருக்கிறது, அவர்களின் ‘மறுவாழ்வு’ம் இருக்கிறது. அங்கே மறுவாழ்வு என்றால் பழைய தொழிலிலிருந்து வெளியேறுவது. மருத்துவமனையில் மறுவாழ்வு என்றால் பழைய தொழிலுக்குத் திரும்புவது. முன்பு செய்த வேலைக்கு நோயாளி திரும்பிவிட்டால் சிகிச்சை வெற்றி என்று கோப்பில் எழுதுவார்கள். சாக்கடைக்குள் இறங்கிக் கையை முறித்துக்கொண்ட ஒருவரைத் தெரபிஸ்டிடம் அனுப்பினால் எந்த மறுவாழ்வைக் கொடுப்பது? பிடிப்பு வலுத்து மறுபடி வாளியைத் தூக்கினால் வெற்றியா? கெடார்ப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2023 பிப்ரவரியில் குண்டலப்புலியூரில் மனநோயாளிகளையும் ஆதரவற்றவர்களையும் வைத்திருந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கட்டிவைத்தார்கள், அடித்தார்கள் என்று குற்றச்சாட்டு. வழக்கு பதிவானது எங்கள் கெடார் காவல் நிலையத்தில்.

அந்தத் தொகுப்பு வீட்டு வாசலுக்குத் திரும்புகிறேன். தெரபிஸ்ட் பெண் புத்திசாலி. படிவத்தை மூடி வைத்துவிட்டார். பாடப்புத்தகம் சொல்வதுபோல நோயாளிக்குப் பழக்கமான, பண்பாட்டுக்குப் பொருத்தமான ஒரு செயலைத் தேடினார். மூலையில் அரை மூட்டை மல்லாட்டை இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்த வேண்டும், இடது கை பிடித்துக்கொடுக்க வேண்டும், ஓடு உடைகிற சத்தம் காதுக்குத் தெரியும், பருப்பு கைக்குத் தெரியும். வாதம் வந்த கைக்கு இதைவிட நல்ல பயிற்சி விலைக்கு வாங்கினாலும் கிடைக்காது. ஒரு தட்டில் இரண்டு பிடி போட்டு மடியில் வைத்தார். எனக்கே கைதட்டத் தோன்றியது.

அந்த அம்மா இடது கையால் தட்டை நகர்த்தி வைத்தார்.

“இத்த உடச்சி உடச்சிதான் இந்தக் கையே போச்சு. வேற எதுனா குடும்மா.”

தெரபிஸ்ட் கொஞ்சம் வாடிப்போனார். பிறகு, “சரி, இந்தக் கை சரியானா மொதல்ல என்ன பண்ணணும்னு ஆசம்மா?” என்று கேட்டார். இந்த முறை அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார். “அதுக்குச் சட பின்னிவிடணும். அவங்கம்மா அவசரத்துல இழுத்துக் கட்டி அனுப்பிடறா. பள்ளிக்கூடத்துல பேன்தலைன்னு பின்னாடி ஒக்கார வெக்கிறாங்களாம்.”

இரண்டு நாள் கழித்து எங்கள் அம்மா போனில் கேட்டார். “டாக்டரம்மா வந்து பாத்துச்சாமே. கை சரியாயிடுமாமா? கொட்டாய்க்கு ஆளே இல்ல.” நான் தெரியவில்லை என்றேன்.

கெடாருக்கு வந்த அன்றைக்கே தெரபிஸ்ட் பெண் பேத்தியின் சிவப்பு ரிப்பன்கள் மூன்றை வாங்கி, ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். அந்த அம்மாவின் வலது கை விரல்களுக்கு இடையில் ஒன்றைச் செருகி, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். நடுவில் இருப்பது வலப்பக்கம் போக வேண்டும், பிறகு இடப்பக்கம். இரண்டு பின்னல் விழுந்ததும் ரிப்பன் நழுவியது. பேத்தி ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடி நழுவியது.